கற்பூரம் ஏற்றாத சூளை

கடவுளையே நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்யத் துணிந்த ஆள் விருத்தாசலத்தில் ஒருவர்தான். எழுபதுகளில் எங்கள் பீங்கான் கம்பெனியில் சூளைக்குத் தீ போட்டவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. 'ஆதாரம்' என்றால்தான் தெரியும்.

டீக்கடையில் யாராவது "சாமி புண்ணியத்துல மழை வந்துது" என்று வாய்தவறிச் சொன்னால் தொலைந்தார். "சாமிதான் அனுப்புச்சுன்னு ஆதாரம் இருக்குதா?" ஒருத்தர் தன் மாமியாருக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னபோது, "அதைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, ரெண்டு கேள்வி கேக்கணும்" என்று கிளம்பினார். பூசாரிக்கே மிரளாத பேய் அன்றைக்கே ஓடிவிட்டது.

சூளையில் ஜாடி அடுக்கும் முனியன்தான் அவருக்கு எதிர்க்கட்சி. தீ போடும் முன் சூளை வாயில் கற்பூரம் ஏற்றுவது முனியன் வேலை.

"ஏத்தலன்னா ஜாடி வெடிச்சுடும்யா!"

"ஒரு தபாவாவது ஏத்தாம சுட்டுப் பாத்தியா?"

"வூடு எரியுமான்னு பாக்க எவனாவது கொளுத்திப் பாப்பானா?"

சத்தம் கேட்டு வந்த முதலாளி கடுப்பாகிவிட்டார். "சரிய்யா, இந்தச் சூளைக்குக் கற்பூரம் வேணாம். ஜாடி வெடிச்சா நாளைலேர்ந்து நீயும் வேணாம்!"

ஆதாரத்துக்கு நாலு பெண்பிள்ளைகள். ஆனாலும் மனுஷன் அசரவில்லை. "போடறேன் மொதலாளி!"

ஊரே பற்றிக்கொண்டது! சூளை ஆறிப் பிரிக்கும் அன்று திட்டக்குடி பஸ்ஸில் வந்தவர்கள்கூட இறங்கி எங்கள் கம்பெனி வாசலில் நின்றார்கள். ஆதாரம் ஒவ்வொரு ஜாடியாக எடுத்து விரலால் சுண்டினார். டங்! டங்! கீறல் விட்டிருந்தால் 'டொக்' என்றிருக்கும். கடைசி ஜாடியும் டங்!

"பாத்தீங்களா! கற்பூரமும் இல்ல, ஒரு கீறலும் இல்ல! இதான்யா ஆதாரம்!" என்று குதித்தார்.

தோற்றுப்போன முனியன் அவரைவிட உயரமாகக் குதித்தான். "கொளஞ்சியப்பா! காப்பாத்திட்டப்பா!"

ஆதாரம் நின்றுவிட்டார். "அவரை எதுக்குடா கூப்புடற?"

முனியன் தலையைச் சொறிந்தான். "கோயில்ல பிராது கட்டியிருந்தேன்."

பக்கத்தூர்ச் சாமியான கொளஞ்சியப்பரிடம் குறையை மனுவாக எழுதிக் கட்டுவதும், காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்குவதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

"என்னான்னு கட்டுன?"

"நீ ஜெயிக்கணும்னுதான். வேலை போச்சுன்னா புள்ளைங்களை வச்சிக்கிட்டு என்னாய்யா பண்ணுவ?"

ஜாடிக்கு மேல்பூச்சான கிளேஸ் கலக்கும் அந்தோணி மெல்ல வாயைத் திறந்தான். "நானும் மாதாவுக்கு மெழுவத்தி நேர்ந்துக்கிட்டேன்."

முதலாளி செருமினார். "நானும்தான். உன்னாட்டம் தீ போட ஆளு கெடைக்குமா?"

"அடப்பாவிங்களா! சாமி இல்லன்னு நான் ஜெயிக்கறதுக்கு சாமிகிட்டயே வேண்டிக்கிட்டீங்களா? சோதனையே கெட்டுப்போச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் ஆதாரம். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா, எங்களுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் பிராதை வாபஸ் வாங்கக் கிளம்பிய முனியனைச் சைக்கிளில் ஏற்றி மிதித்தவர் ஆதாரம்தான். வழியெல்லாம் சண்டை. கோயிலுக்குள் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். முனியன் கும்பிட்டுவிட்டு வரும்வரை, சுடுவெயிலில், அவன் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார்.