வடகிழக்கு மூலை, அதிகாலை இரண்டு மணி

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எரிந்த விளக்கை எங்கே அணைப்பது என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. அந்த ஏழு மாடிக் குடியிருப்பின் செயலாளரே அவர்தான். அதுவும் மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு வாரம் மகள் வீட்டில் இருக்க வந்தவர். "மாப்பிள்ளை வாயாலேயே பந்தல் போடுற ஆளு" என்று கல்யாணமான புதிதில் அவர் சொன்னது, பதினோரு வருடமாக மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இன்று அதைப் பிடுங்கிவிட வேண்டும்.

பத்து நாள் முன்பே லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியாயிற்று: 'எரிகல் மழை. பதினான்காம் தேதி, அதிகாலை இரண்டு மணி. நம் மொட்டை மாடி, வடகிழக்கு மூலை. அனைவரும் வருக.' பதினான்காம் தேதி மனைவியை நர்ஸ் டூட்டிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு மாமனாரை மேலே அழைத்து வந்து நாற்காலியும் போட்டார்.

"இருங்க மாமா, ஒரே நிமிஷம்."

கீழே ஓடி ஃபியூஸைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. லிஃப்டும் நின்றது. ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். உள்ளே நான்காம் மாடித் தையல்காரரும் அவர் மனைவியும் இரண்டு பாய்களும்.

ஐந்தே நிமிடத்தில் கதவை நெம்பி அவர்களை இறக்கினார். அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் மற்றவர்கள் இருட்டில் படியேற வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு செல்போன் டார்ச்சோடு வந்து சேர்ந்ததில் மொட்டை மாடி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

"டார்ச்சை அணைங்க. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும்."

அணைத்தார்கள். இருட்டில் பேக்கரிக்காரர் தண்ணீர்க் குழாயை மிதித்தார். குழாய் கழன்று, விரித்த பாயெல்லாம் நனைந்தது.

"எரிகல் மழைன்னு சொன்னீங்க, மழை மட்டும்தான் வந்திருக்கு" என்றாள் தையல்காரர் மனைவி.

நின்றுகொண்டே வடகிழக்கைப் பார்த்தார்கள். இரண்டு மணி ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. ஒரு விமானம் போனது. பாவம், அதற்குக் கை தட்டினார்கள்.

மூன்றரைக்குக் கூட்டம் கலைந்தது. யாரும் திட்டவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் மெக்கானிக்குக்குத் தாங்கவில்லை. மாமனார் கடைசி ஆளுக்குப் பின்னால் இறங்கிப் போனார்.

நனைந்த பாய்களைச் சுருட்ட வாட்ச்மேன் வந்தார்.

"மாமனார் முன்னாடி மானம் போச்சுய்யா" என்றார் மெக்கானிக்.

"கல்லு நேத்து இந்நேரமே கொட்டித் தீர்த்துடுச்சு சார்" என்றார் வாட்ச்மேன். "பதிமூணாம் தேதி ராத்திரி பன்னெண்டு தாண்டினாலே பதினாலுன்னு உங்க மாமனார் கரெக்டா வந்து, தனியா உக்காந்து பாத்துட்டாரு. எல்லாரையும் எழுப்பட்டுமான்னு கேட்டேன். 'வேணாம், என் மாப்பிள்ளை சொன்னா எத்தனை பேர் ஏழு மாடி ஏறுவாங்கன்னு பாக்கணும்'னாரு. இப்ப கீழ நின்னு, முப்பத்தெட்டு பேர் வந்தாங்கன்னு பொண்ணுக்குப் போன்ல சொல்லிக்கிட்டிருக்காரு."