வெண்டலின் ஆறு டஜன் பனிமனிதர்கள்

வெண்டல் ஹாகனுக்கு வீட்டு வேலை எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணமான முதல் மாதமே மனைவி ஆர்டிஸ் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாள். சட்டை முதுகில் கப்பல் வடிவத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதன் பிறகு இஸ்திரிப் பெட்டி அவர் கைக்கு வரவேயில்லை. துணி துவைக்கச் சொன்னாள். வீட்டிலிருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. அதில் சர்ச்சிலிருந்து துவைக்க வந்திருந்த போதகரின் அங்கியும் இருந்ததுதான் கொஞ்சம் சங்கடம். பாத்திரம் கழுவச் சொன்னாள். அவள் அத்தை கொடுத்த பீங்கான் தட்டு இரண்டாயிற்று. ஒரு வேலையை ஒரே ஒரு தரம் உருப்படாமல் செய்துவிட்டால் ஆயுசுக்கும் விடுதலை என்று வெண்டல் கண்டுபிடித்திருந்தார். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கண்டுபிடிப்பு அவரைக் கைவிட்டதில்லை.

அதனால்தான் அந்த டிசம்பர் சனிக்கிழமை காலையில் அடுக்களை மேஜையைப் பார்த்தபோது அவர் பயப்படவில்லை. மேஜை முழுக்கப் பிஸ்கட். ஆறு டஜன். எல்லாம் பனிமனிதர்கள். கண் இல்லை, மூக்கு இல்லை, மொட்டையாகப் படுத்திருந்தார்கள்.

"பூட்ஸை மாட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்றாள் ஆர்டிஸ்.

"ஏரிக்குத்தான். டுவேன் விடியறப்பவே போய்க் கூடாரம் போட்டுட்டான். பனிக்கட்டி அஞ்சு அங்குலம் இருக்காம்."

"ரொம்ப சந்தோஷம். போறதுக்கு முன்னாடி இவங்களுக்குக் கண்ணு மூக்கு வச்சிட்டுப் போ."

"யாரு, நானா?"

"வேற யாரு இந்த வீட்ல பூட்ஸ் போட்டுக்கிட்டு சும்மா நிக்கிறா?"

முப்பத்தொரு வருஷம் அந்த வட்டாரத்துப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் தபால் கொண்டுபோனவர் வெண்டல். தபால்காரனுக்குச் சனிக்கிழமை கிடையாது. ஏரி உறைந்த முதல் சனிக்கிழமை ஊரே பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கும்போது, அவர் கரையோரமாக வண்டியில் போய்க்கொண்டே வேடிக்கை பார்ப்பார். இந்த ஜூனில்தான் ஓய்வு பெற்றார். ஏரி உறைந்த சனிக்கிழமை ஒன்று அவருக்கே சொந்தமாகக் கிடைப்பது இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"எனக்கு இதெல்லாம் வராதே ஆர்டிஸ்."

"உனக்கு எதுதான் வந்திருக்கு? உட்காரு."

உட்கார்ந்தார். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஒரு டஜனைக் கெடுத்தால் போதும், அவளே பிடித்து வெளியே தள்ளிவிடுவாள். அரை மணியில் ஏரி.

சர்க்கரைக் குழம்பு நிறைத்த ஐசிங் பையை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினார். முதல் பனிமனிதனுக்கு இரண்டு கண்ணும் ஒரே காதுப் பக்கம் போய் ஒதுங்கின. இரண்டாமவனுக்கு மூக்கு தொப்புளில் முளைத்தது. மூன்றாமவனுக்கு வாய் வரைந்தார்; அது வழிந்து வழிந்து முழங்கால் வரை வந்தது. வெண்டலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆளை முடிக்கும்போது மேஜையில் ஏதோ பஸ் கவிழ்ந்த மாதிரி இருந்தது.

ஆர்டிஸ் வந்து குனிந்து பார்த்தாள். வெண்டல் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பரவாயில்லையே," என்றாள்.

வெண்டலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மின்னசோட்டாவில் அந்தப் பக்கத்து ஆட்கள் அதற்கு மேல் யாரையும் பாராட்டமாட்டார்கள். அவர் சிநேகிதன் டுவேனின் மகளுக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் சௌக்கியம் என்று செய்தி வந்தபோதுகூட அவன் "பரவாயில்ல" என்றுதான் சொன்னான்.

"நல்லாப் பாரு ஆர்டிஸ். இவனுக்குக் கண்ணு எங்க இருக்கு பாரு!"

"எங்க சித்தப்பா ஒருத்தருக்கு அப்படித்தான் இருந்துச்சு. நல்ல மனுஷன்."

"இவனுக்கு மூக்கு தொப்புள்ல இருக்கும்மா!"

"பிள்ளைங்க பார்த்தா சிரிக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் ஒரு சின்ன அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"என்ன எழுதுற?"

"நாளைக்குத் தட்டு முன்னாடி வைக்கணுமில்ல, யார் செஞ்சதுன்னு."

"உன் பேரைத்தானே எழுதற?"

"நீ செஞ்சதுக்கு நான் பேர் வாங்கிக்கறதா? அதுவும் சர்ச்சுல? நல்லாயிருக்கே!"

உருண்டை உருண்டையான எழுத்தில், தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம் போல எழுதியிருந்தாள்: வெண்டல் ஹாகன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பிஸ்கட் பரிமாற்றம். ஆளுக்கு ஆறு டஜன் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றவர்கள் தட்டுகளிலிருந்து ஆறு டஜன் பொறுக்கிக்கொண்டு போகவேண்டும். யாருடைய தட்டு குறையாமல் வீடு திரும்புகிறது என்பதை ஊரே காப்பியை உறிஞ்சிக்கொண்டு கவனிக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் கிளிஃபர்ட் என்பவர் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஏரியில் விழுந்த இரண்டு பேரைக் காப்பாற்றினார், பஞ்சாயத்துத் தலைவராகக்கூட இருந்தார். இன்றைக்கும் அவர் உப்பு கிளிஃபர்ட்தான்.

"அந்த அட்டையக் குடு."

"மை காயல."

"ஆர்டிஸ், அம்மா தாயே, நீயே போட்டுடேன். நீ போட்டா எவ்வளவு அழகா இருக்கும்!"

"எனக்கு வெளிய கொஞ்சம் வேலை இருக்கு. ஐசிங் கெட்டியாகாம ஈரத்துணி போட்டு மூடிவை."

வெண்டல் அதற்குள் கத்தியால் முதல் ஆளின் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்திருந்தார். காப்பிக் குடுவையில் காப்பி ஊற்றும் சத்தமும், பிறகு கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆர்டிஸின் சமையல் நோட்டைப் பிரித்தார். 'கரண்டியிலிருந்து விழும் கோடு பத்து எண்ணுவதற்குள் மறையவேண்டும்' என்று எழுதியிருந்தது. தண்ணீர் சேர்த்தார். எண்ணினார். மூன்றில் மறைந்தது. சர்க்கரை சேர்த்தார். முப்பது எண்ணியும் மறையவில்லை. நாலைந்து பனிமனிதர்கள் இந்த ஆராய்ச்சியில் உயிரை விட்டார்கள். தடயம் இருக்கக் கூடாது என்று அவர்களைத் தின்றுவிட்டார். ருசியாகத்தான் இருந்தார்கள். நல்லவேளை, ஆர்டிஸ் ஒரு தட்டு பிஸ்கட் கூடுதலாகச் சுட்டு வைத்திருந்தாள்.

பிறகு கை பிடிபட்டது. எத்தனையோ வருஷம் பனியிலும் காற்றிலும் ஓடும் வண்டியிலிருந்து எட்டித் தெருவோரப் பெட்டிகளில் கடிதம் போட்ட கை அது. ஒரு புள்ளி வைத்தார்; கண் ஆயிற்று. இன்னொரு புள்ளி. மேலே மெல்லியதாக ஒரு புருவம். தற்செயலாக அது கொஞ்சம் தூக்கலாக விழுந்தது. பார்த்தால் அசல் மில்ட்ரெட்! ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம் மூன்றாவது வீடு. மின்கட்டணச் சீட்டு வந்தால் புருவத்தை அப்படித்தான் தூக்குவாள்.

அதற்கப்புறம் வெண்டலை நிறுத்த முடியவில்லை. அடுத்தவருக்குப் பச்சைக் காது மூடி வைத்தார். கோழிப்பண்ணை ஹார்லன் ஆனார். ஒருவருக்கு வளைந்த மூக்குக்கண்ணாடி, ஒருவருக்குப் பல்லிடுக்கில் புகைக்குழாய். வீடு வீடாகத் தபால் வண்டி போன வழியிலேயே ஐசிங்கும் போயிற்று. ஜூனிலிருந்து இந்த முகங்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை. சர்ச்சில் பார்ப்பதெல்லாம் முதுகுகள்தான். இத்தனை மாதமாக இவர்களுக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தோம் என்பது ஒரு பிஸ்கட்டுக்கு மீசை வைக்கும்போது அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கியது. புறங்கையால் துடைத்ததில் மீசையின் பாதி அவர் கன்னத்துக்கு வந்துவிட்டது.

மத்தியானம் போன் அடித்தது. டுவேன்.

"டேய், எங்கடா இருக்க? மீன் போட்டி போட்டுக் கடிக்குது!"

"இப்ப வரமுடியாதுடா. ஐசிங் காயுது."

"என்னது காயுது?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"சரி விடு. இங்க உன் முக்காலி ஒண்ணும் காலியா இல்ல," என்று சிரித்துவிட்டு டுவேன் போனை வைத்தான்.

வெயில் சாயும் நேரத்தில் கடைசி ஆள் மிச்சமிருந்தது. வெண்டல் யோசித்தார். நரைத்த கொண்டை, உதட்டோரம் அடக்கிய சிரிப்பு, கையில் பிஸ்கட் உருட்டும் கட்டை. அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

வாசலில் கார் வந்து நின்றது. ஆர்டிஸ் உள்ளே வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையில் வாளி, வாளியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். இன்னொரு கையில் தூண்டில்.

"அது என் தூண்டில்," என்றார் வெண்டல்.

"ஆமா. பரவாயில்ல."

"உனக்குத்தான் மீன் பிடிக்கவே வராதே! கல்யாணமான வருஷம் கூட்டிட்டுப் போனேன். தூண்டிலையே பனி ஓட்டைக்குள்ள நழுவ விட்டியே! அதுக்கப்புறம் நான் உன்னைக் கூப்பிட்டதே இல்லையே!"

"கூப்பிடலதான். அன்னைக்குக் கால் விறைச்சுப்போச்சு வெண்டல். அந்த ஒரு தூண்டிலோட முப்பத்தெட்டு வருஷம் குளிர்ல உட்காராம தப்பிச்சேன்." வாளியைக் கீழே வைத்தாள். "இப்பதான் டுவேன் கூடாரத்துல ஹீட்டர் வச்சிருக்கான்."

தன்னுடைய கண்டுபிடிப்பு தனக்குத் தெரியாமலே இதே வீட்டில் புழக்கத்தில் இருந்திருக்கிறது என்று வெண்டலுக்கு மெல்ல உறைத்தது.

ஆர்டிஸ் மேஜையைப் பார்த்தாள். மில்ட்ரெட்டைக் கண்டு கெக்கலித்தாள். ஹார்லனைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆளிடம் வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த மீசையை விரலால் துடைத்துவிட்டாள்.

"இதை நாளைக்கு வைக்கமாட்டேன். இது எனக்கு."

வெண்டல் அட்டையை எடுத்து நீட்டினார். "மத்ததுக்கு அந்த அட்டைய வச்சிடு. பேர் நல்லாத் தெரியறாப்பல வை."

"வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேருமா ஏரிக்குப் போவோம். டுவேன்கிட்ட இன்னொரு முக்காலி கேட்டிருக்கேன்."

"போவோம் ஆர்டிஸ்!"

"உனக்கு இவ்வளவு நிதானமான கை இருக்குன்னு தெரியாமப் போச்சே," என்றாள் ஆர்டிஸ், ஒரு புருவத்தை அருகில் குனிந்து பார்த்தபடி. "நாளைக்குப் போடற சட்டை கட்டில் மேல கிடக்கு, இஸ்திரிப் பெட்டி மாடிப்படிக்குக் கீழ இருக்கு."