பத்தாத பகா எண்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கணக்குப் போடக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித் தரத் தோன்றியிருக்காது.

ஐம்பதுகளின் கடைசி. என் அய்யா வாலிநோக்கத்தில் உப்பளத்துக் கங்காணி. நான் ராமநாதபுரத்தில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன் (கணக்கில் நான்தான் முதல், அந்தத் திமிர் நடையிலேயே தெரியுமாம்). பரமக்குடியிலிருந்து கணக்கு வாத்தியார் ஒருவர் தன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தார். உப்புக் காற்றில் எங்கள் ஊரில் பூச்செடி நிற்காது என்று அந்த அம்மா மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். என்னைப் பிடித்துப்போய் அவரே தலையில் வைத்தும் விட்டார். எனக்கும் வாத்தியாரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதோடு கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "ஒரு பகா எண். ரெண்டு இலக்கம். திருப்பிப் போட்டாலும் பகா எண்தான். என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

பதின்மூன்று வருகிறது. பதினேழும் வருகிறது, முப்பத்தேழும் வருகிறது. எதைச் சொல்வது? நிமிர்ந்து பார்த்து, "நீங்க குடுத்தது பத்தாது" என்றேன்.

அவர் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பரமக்குடியிலருந்து மடியில வச்சு கொண்டாந்த பூவு. பத்தாதாமுல்ல."

வாத்தியார் பதறி எழுந்தார். "ஆத்தா, தப்பு எம்மேலதான். இன்னொரு நிபந்தனை இருக்கு, சொல்ல மறந்துட்டேன்."

அய்யாவின் காதில் அது சீர்வரிசையாக விழுந்தது. "தம்பி, பூ வச்ச பெறகு என்ன நிபந்தனை? அந்தப் பேச்செல்லாம் இங்கன வேணாம்."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என் கல்யாணம் கண்ணெதிரே வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே போன வாத்தியார் படியில் நின்று, அழாத குறையாக, "ரெண்டு இலக்கத்தையும் கூட்டினா அதுவும் பகா எண்" என்றார்.

"பதினொண்ணு" என்று கத்தினேன். (ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரண்டு பகா எண்தானே. மற்றது எதுவும் தேறாது.)

அந்த அம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினோரு மொழமா? புள்ள வாய்விட்டுக் கேட்டுருச்சு. இருக்கட்டும், கல்யாணத்துக்குக் கொண்டாரேன்."

விளக்கிச் சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை. சொன்னபடியே கொண்டுவந்தார், அத்தனையையும் என் தலையில் சுற்றினார்.

கல்யாணப் போட்டோவில் நான் தலையைத் தொங்கப் போட்டிருப்பேன். "அம்மாச்சிக்கு அம்புட்டு வெக்கமா?" என்று பேத்தி கேட்கிறாள். வெட்கமாவது ஒன்றாவது, பூவின் கனம். அத்தை போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பிடரி வலிக்கிறது; அழுகையும் வந்துவிடுகிறது.