ஏழாம் இலக்கக் கோழியும் மகளின் பதிவுத் திருமணமும்

அளந்து பார்க்காமல் நான் எதையும் செய்வதில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போதுகூடக் கரண்டியை விரலால் வழித்து மட்டமாக்கித்தான் போடுவேன். இப்படிப்பட்ட ஒருவனுக்கு அவமானம் வருவதென்றால் அதுவும் அங்குலம் பிசகாமல், நிமிடம் தவறாமல்தான் வரும் என்பதை என்னுடைய ஐம்பத்துமூன்றாவது வயதில் அறிந்துகொண்டேன்.

முட்டை விலை ஏறிய வருடம் மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கோழி வளர்க்கத் தொடங்கினார்கள். நான் பதினொரு பேடுகள் வளர்த்தேன். அவற்றுக்கான சாமான்கள் எல்லாம் வீட்டில் கழித்தவற்றைக் கொண்டு நானே செய்தவை. கடையில் வாங்கியது ஆணி மட்டும். பழைய கட்டில் சட்டத்தில் மீன்வலையை அடித்து, இரண்டு சைக்கிள் சில்லுகளைப் பூட்டி, தள்ளிக்கொண்டு போகக்கூடிய கூடு ஒன்றைக் கட்டினேன். தண்ணீர் வைக்க ஒரு கவிழ்த்த சோடாப் போத்தல். மின்வயரின் உறையை வெட்டி ஒவ்வொரு கோழிக்கும் இலக்கமிட்ட கால்வளையம். கோழி பிடிப்பதற்கு, மாங்காய் பறிக்கிற கொக்கைத்தடியின் நுனியில் சைக்கிள் கம்பியை வளைத்துக் கட்டியிருந்தேன். காலில் கொழுவி மெல்ல இழுத்தால் கோழி கைக்கு வரும். (இரண்டு தரம் வந்தது. மூன்றாந்தரம் வந்தது மனைவி பத்மாவின் செருப்பு.)

எல்லாவற்றிலும் மேலானது கூட்டின் தானியங்கிக் கதவு. சாவி கொடுக்கிற பழைய அலாரம் மணிக்கூடு ஒன்று இருந்தது. அலாரம் அடிக்கும்போது அதன் பின்பக்கச் சாவி சுழலும். சுழலும் சாவியில் நூலைச் சுற்றி, நூலின் மறுமுனையைக் கதவுப் பலகையைத் தாங்குகிற ஓர் ஆணியில் கட்டிவிட்டேன். பின்னேரம் ஆறு முப்பதுக்கு அலாரம் அடிக்க, நூல் இழுபட, ஆணி கழர, பலகை விழுந்து கூடு மூடிக்கொள்ளும். அதற்குள் கோழிகள் தாமாகவே உள்ளே போய்விடும். எது எத்தனை மணிக்குப் போகிறது என்று தினமும் நாட்குறிப்பில் எழுதுவேன். முதலாம் இலக்கம் ஆறு பதினான்குக்குப் போகும். கடைசியாகப் போவது ஏழாம் இலக்கம். பாவம், அதை எல்லாக் கோழிகளும் கொத்தும். மற்றவை கூட்டுக்குள் குறுக்கே போட்ட தடியில் இடம் பிடித்த பிறகுதான் அது தயங்கித் தயங்கி உள்ளே போகும்.

அடுத்த வருடம் மகள் தர்சினிக்குக் கலியாணம் பேசிவந்தது. மாப்பிள்ளை சுதனுக்கு ரொறன்ரோவில் வேலை. தாய் கமலாம்பிகை அம்மாவுக்கு வல்வெட்டித்துறை சொந்த ஊர். இருவரும் ஒரு மாதம் நின்று பதிவை முடித்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். பதிவை எங்கள் முற்றத்து மாமரத்துக்குக் கீழே வைக்கவேண்டும் என்பது மகளின் ஆசை. கமலாம்பிகை அம்மாவோ முற்றத்தைப் பார்த்துவிட்டு, பட்டணத்தில் மண்டபம் ஒன்று எடுப்போம் என்றார். மகளின் முகம் சுருங்கியது. நான் முன்னால் போய், மரத்துக்குக் கீழே ஒரு கோழிச் செட்டைகூடக் காணமாட்டியள், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

"சம்பந்தி, உங்கடை சொல்லை நம்பி வாறன்," என்றார் அவர். "கோழி ஒண்டு சபைக்குள்ளை வந்தாலும் நான் எழும்பிப் போயிடுவன்."

சொன்னால் செய்கிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. சாத்திரியார் குறித்துத் தந்த சுபநேரம் ஆறு பதினேழிலிருந்து ஏழு ஐந்து வரை. அடுத்த நல்ல நேரம் மாப்பிள்ளையின் விமானம் போய் ஒன்பது நாளைக்குப் பிறகு. ஆக, அன்று குழம்பினால் எல்லாமே குழம்பும்.

சுபநேரத்தை நாட்குறிப்பில் எழுதினேன். அதே பக்கத்தில், இரண்டு விரற்கடை மேலே, கோழிகள் கூடு சேர்ந்த நேரங்களும் இருந்தன. இரண்டும் என்னுடைய கையெழுத்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முற்றத்தில் மட்டமான இடம் ஒன்றுதான் இருந்தது. கூட்டுக்காகப் போத்தலில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து நானே சமப்படுத்திய இடம் அது. பதிவு நாள் மத்தியானம் கூட்டைத் தள்ளிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மணமக்கள் சேர்ந்து உட்காருகிற சாய்வுச் செற்றியைப் போட்டேன். ஒருநாளைக்குக் கோழிகளைப் பூட்டி வைக்கச் சொன்னாள் பத்மா. பூட்டினால் கத்தும், கொல்லைக்குள் விட்டால் சத்தமில்லாமல் மேயும், நேரம் வந்ததும் தாமாகவே கூட்டுக்குப் போகும், மிச்சத்தை மணிக்கூடு பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை.

நேரத்துக்குச் சபை கூடியது. மரம் முழுக்க மின்குமிழ் மாலை. செற்றியில் மணமக்கள், எதிரே மேசையில் பெரிய புத்தகத்தோடு விவாகப் பதிவாளர், முன்வரிசையில் பட்டுச்சேலையோடு கமலாம்பிகை அம்மா. பதிவாளர் ஆறுதலாக ஒவ்வொரு எழுத்தாக நிரப்பிக்கொண்டிருந்தார். சரியாக ஆறு முப்பதுக்கு வீட்டுக்குப் பின்னால் அலாரம் அடித்தது. பலகை 'தடக்' என்று விழுந்தது.

"எல்லாம் உள்ளுக்கை போட்டுதுகள்," என்று பத்மாவின் காதுக்குள் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியோடு நான் எதையும் சொன்னதில்லை.

பத்மா என் கையைக் கிள்ளினாள். சனத்தைக் கண்டு தயங்கியதில் பதினாறு நிமிடம் பிந்தி, முதலாம் இலக்கம் சபைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது.

கோழி தேடி வருவது கூட்டை அல்ல, கூடு நின்ற இடத்தை. இதை அறியாமலே நானூறு நாள் குறிப்பு எழுதியிருக்கிறேன். இடத்துக்கு வந்த முதலாம் இலக்கம் செற்றியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பறந்து அதன் சாய்வின்மேல் ஏறியது. (பிறகு அளந்து பார்த்தேன். சாய்வின் உயரமும் கூட்டுத் தடியின் உயரமும் அரை அங்குலம்தான் வித்தியாசம்.) பின்னால் மூன்று, ஒன்பது, நான்கு என்று ஒவ்வொன்றாய் வந்து மணமக்களின் தலைகளுக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்தன. படம் எடுக்கிறவர் எடுத்துக்கொண்டேயிருந்தார். பத்தும் இருந்த பிறகு ஏழாம் இலக்கம் தயங்கித் தயங்கி வந்தது. சாய்வில் இடமில்லை. சுற்றிப் பார்த்தது. மாப்பிள்ளையின் தோள் காலியாக இருந்தது.

சுதன் அசையவில்லை. நல்ல வளர்ப்பு.

"மாமா," என்றான் உதடு அசையாமல். "இது கொத்துமோ?"

இல்லையென்று தலையாட்டிவிட்டு ஓடிப்போய்க் கொக்கைத்தடியை எடுத்துவந்தேன். சபைக்கு நடுவே, புது வேட்டியோடு, பன்னிரண்டடித் தடியை நீட்டிக்கொண்டு முதலாம் இலக்கத்தின் காலைக் குறிபார்த்த என்னை நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். (வேண்டாம். விடுங்கள்.) கொழுவியதை உணர்ந்ததும் இழுத்தேன். கொழுவியது மின்குமிழ் மாலையின் வயர். வளவு முழுக்க இருண்டது.

மங்கல் வெளிச்சத்தில் முன்வரிசையில் ஓர் உருவம் எழும்பியது. மகள் "மாமி" என்றாள், அழுகைக்குப் பக்கத்துக் குரலில்.

"ஒருத்தரும் லைற் போடாதேங்கோ," என்றார் கமலாம்பிகை அம்மா.

அவர் வாசல் படலைப் பக்கம் போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செற்றிக்குப் பின்னால் போனார். முதலாம் இலக்கத்தின் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்து, அடுப்பிலிருந்து சட்டி இறக்குவதுபோல எடுத்தார். அது 'க்ர்ர்' என்று ஒருதரம் முனகிவிட்டுச் சும்மா இருந்தது.

"இருட்டிலை கோழிக்குக் கண் தெரியாது. தடி என்னத்துக்கு? பிடியுங்கோ."

பிடித்தேன். கிணற்றடிக்கு ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு ஓடிவந்து அடுத்ததைப் பிடித்தேன். வல்வெட்டித்துறையில் முப்பது கோழி வைத்திருந்தாராம். அதனால்தான் கோழி நிற்கிற வளவில் சபை கூட்டப் பயந்தாராம். இதை எனக்குச் சொல்லவில்லை, இருட்டில் பொதுவாகச் சபைக்குச் சொன்னார். சபை சிரிக்கத் தொடங்கியது. மகள்தான் முதலில் சிரித்தாள்.

பத்தாவது கோழியை விட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தபோது மணி ஆறு ஐம்பத்தெட்டு. பதிவாளர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் புத்தகத்தில் மட்டும் விழும்படி பிடித்திருந்தார். தோளில் இருப்பதையும் எடுத்துவிட்டுக் கையெழுத்து வைப்போமா என்று கேட்டார்.

"அது நித்திரையாப் போட்டுது," என்றார் அம்மா. "எழுப்பினால் கத்தும். நேரம் போகுது, நீ வை தம்பி."

சுதன் வைத்தான். மகள் வைத்தாள். சாட்சிகள் இரண்டு பேர் வைத்தார்கள். ஏழாம் இலக்கம் தலையைச் செட்டைக்குள் வைத்திருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் மூன்றாம் சாட்சி. அதைக் கறிக்கு எடுக்கக்கூடாது என்று சம்பந்தி கட்டளை. ஞாயிறு தோறும் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்து, முதலில் சாட்சியைத்தான் விசாரிப்பார், பிறகுதான் என்னை. போன மாதம் மகளுக்கும் மருமகனுக்கும் ஏதோ மனஸ்தாபம். இருவரும் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்து, "சாட்சியைக் கூப்பிடுங்கோ," என்றார்கள். கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பக்கத்தையும் ஒரு கண்ணால் மாறிமாறிப் பார்த்தது. அங்கே சிரிப்பு வெடித்தது. என்ன பிரச்சினை என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

ஏழாம் இலக்கம் கடைசியாக முட்டையிட்டு ஒன்றரை வருடமாகிறது. ஆகவே நாட்குறிப்பில் அதற்குரிய பக்கத்தில் 'முட்டை' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'உடல்நலம்' என்று எழுதியிருக்கிறேன். இன்றைய குறிப்பு: தீன் எடுத்தது. தண்ணீர் குடித்தது. காலை ஒன்பது ஐந்துக்கு ஒருதரம் தும்மியது. ரொறன்ரோவுக்கு அறிவிக்கவில்லை.