பிளாஸ்மா காக்காவின் ஐந்தாம் இலக்க முட்டை

ஓடுகிற மெஷினைக்கூட நிறுத்திவைத்து, அது ஏன் ஓடியது என்று விசாரித்த மெக்கானிக் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் சம்மாந்துறைப் பிளாஸ்மா காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியிலிருந்து வந்து இறங்கினார். அங்கே பெரிய இரும்புக் கலமொன்றில், நெருப்பே இல்லாமல், மின்சாரத்தால் ஊதா வெளிச்சம் எழுப்பி மெஷின்களின் பல்சில்லுகளைச் சூடாக்குவார்களாம். அதற்குப் பெயர் பிளாஸ்மா. ஒரு சில்லு சிவந்து கிடக்க, பக்கத்துச் சில்லு சூடேறாமல் கிடக்குமாம். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் காக்காவின் உத்தியோகம். அந்தச் சொல்லை நாளுக்கு நூறு தரம் சொன்னதில், உம்மா வாப்பா வைத்த பெயர் ஊருக்கு மறந்தே போயிற்று.

பாண் ஒரு பக்கம் கரிகிறது என்று பேக்கரியின் போறணை அடுப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து நாற்பது பாணை வெட்டிப் பார்த்துவிட்டு, "வலப்பக்கம் கரியுது" என்றார்.

"அதத்தானே காக்கா நாங்களும் சொன்னம்!" என்று பேக்கரிக்காரர் தலையில் கை வைத்தார்.

"நீங்க சொன்னீங்க. நான் பாத்தன். சூடு எங்க நிக்கிது எண்டு பாக்காம ஸ்பேனரத் தொடப்படாது."

இப்படிப்பட்டவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். வேலையில்லாத மருமகன் மாமியின் சோற்றைத் தின்பது லேசுப்பட்ட காரியமா? மனுசன் குனிந்த தலை நிமிராமல் திரிந்தார்.

நான் அப்போது ஹாஜியாரின் ரைஸ் மில்லில் பொயிலருக்கு உமி தள்ளுகிறவன். பொயிலர் ஆவி குழாய்களால் வந்து அவிக்கும் தொட்டியில் நெல் ஒரு பங்கு வேகாமல் வந்து, குற்றும்போது குறுநொய்யாகிக்கொண்டிருந்தது. எந்த இடத்து நெல் என்று தெரியாது. கொட்டும்போது எல்லாம் கலந்துவிடும். நோன்பு மாதம். ஹாஜியார் காக்காவைக் கூப்பிட்டார்.

"இண்டைக்குள்ள திருத்தினா நீதான் இந்த மில்லுக்கு மெக்கானிக். இல்லாட்டி இந்தப் பக்கம் தலை காட்டப்படாது."

சூடு பார்க்கும் கருவி எதுவும் இல்லை. காக்கா மாமியின் கோழிக்கூட்டிலிருந்து எட்டு முட்டைகளைக் கொண்டுவந்தார். பென்சிலால் இலக்கம் போட்டு, நூலில் கட்டி, நெல்லுக்குள் எட்டு இடத்தில் புதைத்தார். "முட்டை பொய் கதைக்காது தம்பி!" அவித்து எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, ஹாஜியார் முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று சொல்லி லுஹர் தொழப் போனார்.

எனக்கோ விடியுமுன் உண்ணும் சஹர்ச் சாப்பாடு தவறிய நோன்பு, முன்னால் பொயிலர் நெருப்பு, பக்கத்தில் சுடச்சுட முட்டை. அல்லாஹ்வே! என்ன செய்கிறேன் என்று தெரியுமுன் ஐந்தாம் இலக்கம் வயிற்றுக்குள் போய்விட்டது. முட்டைக் கோதை உமிக்குள் தள்ளினேன்.

காக்கா தொழுதுவிட்டு வர, ஹாஜியாரும் வந்தார். ஏழும் கல்லாக வெந்திருந்தன.

"எங்க அஞ்சு?" என்றார். தேடியதில் கோது அகப்பட்டது. "நோம்பு நாள்ல எவன்டா இதத் தின்டவன்?"

மில்லில் நின்றது காக்காவும் நானும்தான். என் வாப்பாவோ பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். காக்கா என் தாடியைப் பார்த்தார். அதில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"நான்தான் ஹாஜியார். பசி தாங்கல்ல."

ஹாஜியார் அவரை நாயை விரட்டுவது போல விரட்டினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு காக்காவைத் தேடிப் போனேன். செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. மாமி கதவைத் திறக்கவில்லை. காக்கா வளவு வேலியோரம் குந்தியிருந்தார். நான் அழுதுவிட்டேன்.

"அத வுடு. முட்டை வெந்திருந்திச்சா?"

"இல்ல காக்கா. மஞ்சள் ஓடிச்சி."

பெருநாள் பிறை கண்டவர் போலத் துள்ளி எழுந்தார். "அப்ப அஞ்சு கிடந்த மூலைக் குழாய்லதான் அடைப்பு! கிணத்துத் தண்ணி உப்புப் படிஞ்சிருக்கும். கம்பியால குத்து. நீ கண்டு புடிச்சதாச் சொல்லு, நான் சொன்னா ஹாஜியார் கேக்கமாட்டார். நெல்லு வீணாப் போகப்படாது."

குத்தினேன். மறுநாள் நெல் சீராக வெந்தது. ஹாஜியார் என் முதுகில் தட்டி என்னையே மெக்கானிக் ஆக்கினார். வெட்கம் கெட்டவன், ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நோன்பு கெட்டவன் என்ற பெயர் காக்காவை மவுத்தாகிக் கண்மூடும் வரை விடவில்லை. ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. ஊராரே, தின்றவன் நான்தான். காக்கா, உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.