நாலாவது கோல்

“சுகந்தி, மறுபடியும் சா!”

ஜாஸ் குழுத் தலைவி ஃப்ராவ் எக்லி சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். சுகந்தியைத் திட்டித் திட்டியே அந்தச் சுவிஸ்காரிக்கு சரிகமபதநியின் முதலெழுத்து பாடமாகியிருந்தது.

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பராமரிப்பு வேலை. வேலை முடிந்தால் தேவாலய மண்டபத்து நிலவறையில் ஜாஸ் பயிற்சி. அங்கே வைப்ரஃபோன் அவளுடைய வாத்தியம். மேசை போன்ற சட்டத்தில் உலோகப் பட்டைகள் வரிசையாகக் கிடக்கும். நுனியில் நூல் சுற்றிய கோல்களைக் கைக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு, நாலு சுரங்களை ஒரே நேரத்தில் அடிக்கவேண்டும். அதற்குப் பெயர் அக்கோர்ட்.

அதில்தான் வில்லங்கம். ஒவ்வொரு அக்கோர்டுக்கும் ஆதாரமாக ஒரு சா உண்டு. ஆனால் வைப்ரஃபோன்காரி அதை அடிக்கக்கூடாது. அது பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிப்பவரின் சொத்து. மற்றச் சுரங்களைத்தான் அவள் அழகாக அடுக்கவேண்டும். சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் படித்தவளுக்கு இது பொறுக்குமா? சா இல்லாத பாட்டு அவளுக்கு உப்பில்லாத சொதி. வேண்டாம் வேண்டாம் என்று மூளை சொன்னாலும், இடதுகை ஓரத்தில் இருந்த நாலாவது கோல் தானாகப் போய்ச் சாவில் விழுந்தது.

“நாளைக் கச்சேரியில் ஒரே ஒரு சா கேட்டாலும் உங்கள் இடத்துக்குப் பியானோக்காரர் வருவார்,” என்றார் ஃப்ராவ் எக்லி. “ஹெர் சோலிங்கரின் பாஸை எத்தனை நாளைக்குத்தான் குழப்புவீர்கள்?”

அந்த சோலிங்கரோ ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆளுயரப் பாஸைக் கட்டிப்பிடித்தபடி, வைப்ரஃபோனுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்று புன்னகைப்பார். தங்கமான மனிதர்.

எல்லோரும் போனபிறகு, கூட்டிப்போக வந்த கணவர் இராஜேந்திரனைக் கண்டதும் சுகந்திக்கு அழுகை வந்துவிட்டது. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் வாழ்க்கை கொடுத்தவை. இது ஒன்றுதான் அவளாக ஆசைப்பட்டுப் பிடித்துக்கொண்டது.

இராஜேந்திரன் உணவகச் சமையல்காரர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் கைவைத்தியம் இருக்கும், நோய்தான் மாறாது.

“இதுக்கேன் அழுறாய்? அடிக்கக்கூடாத பட்டைக்கு அடையாளம் வைச்சால் சரிதானே. உன்ரை ஒட்டுப்பொட்டு மட்டையை எடு.”

“பொட்டோ?”

“ஓம். பொட்டைக் கண்டால் அடிக்காதை. அவ்வளவுதான்.”

அவர் ஒட்டத் தொடங்கினார். அக்கோர்டுக்கு அக்கோர்ட் சா மாறியது. மாற மாறப் பொட்டும் கூடியது. கடைசியில் வைப்ரஃபோன் முழுக்கச் சிவப்புப் பொட்டுடன் கலியாணத்துக்கு வெளிக்கிட்டதுபோல நின்றது.

“இனி நான் எதையப்பா அடிக்கிறது?”

“சும்மா ஒருக்கா அடிச்சுப் பார்.”

அடித்தாள். கண் பொட்டில் போனது. கண் போன இடத்துக்குக் கோலும் போனது. முன்பு ஒரு கோல்தான் வழிதவறியது. இப்போது நாலும் பொட்டுகளைத் தேடித் தேடி விழுந்தன.

“கழட்டுங்கோ உந்தப் பொட்டுகளை! ஒண்டும் விடாமல் கழட்டுங்கோ!”

பொட்டு கழன்றது, பசை கழலவில்லை. விழுந்த கோல் பட்டையோடு ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தது.

“பொறு, அதுக்கும் மருந்து இருக்கு,” என்று இராஜேந்திரன் காருக்கு ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். பட்டைகளைத் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். அதே எண்ணெய்க் கையால் நாலு கோல்களையும் பத்திரமாகப் பைக்குள் எடுத்து வைத்தார்.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கோல்களைப் பையிலிருந்து எடுத்தபோதே சுகந்திக்குக் கை வழுக்கியது.

“இஞ்சேருங்கோ, கோல் முழுக்க எண்ணெய்!” என்று முன்வரிசையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

ஒன்றும் விளங்காத இராஜேந்திரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பாட்டுத் தொடங்கியது. முதல் அக்கோர்டிலேயே நாலாவது கோல் வழக்கம்போலச் சாவை நோக்கிப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அவள் கையையும் விட்டுப் பறந்து, முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவரின் மடியில் விழுந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒழுங்காக எழுந்து, வாசலில் தொலைந்த பொருள்கள் வைக்கும் மேசையில் ஒப்படைக்கப் போய்விட்டார்.

சுகந்திக்கு உயிர் போய் வந்தது. பாட்டோ அவளுக்காகக் காத்து நிற்கவில்லை. இருந்த மூன்று கோல்களால் அடுத்த அக்கோர்டை அடித்தாள். சாவைத் தேடிப் போக இனி ஒரு கோல் இல்லை. மூன்று சுரங்களும் நிலத்தில் கால் படாமல் அந்தரத்தில் மினுங்கிக்கொண்டு நின்றன. அட, இதற்காகவா இவர்கள் இத்தனை நாள் கத்தினார்கள்! அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. தனி வாசிப்பு வந்தபோது கைகள் தாமாகவே விளையாடின. கடைசி அக்கோர்ட் ஓயுமுன்பே மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

ஃப்ராவ் எக்லி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். “இதுதான்! ஒரு சாகூட இல்லை! இன்றைக்குத்தான் ஹெர் சோலிங்கரின் பாஸ் எவ்வளவு துலக்கமாகக் கேட்டது! பியானோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்த இடம் உங்களுடையதுதான்.”

“எண்ணெய் ஆற்றை? என்ரையெல்லே!” என்று இராஜேந்திரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

சுகந்தி சிரித்தாள். இந்தக் குழுவில் சேர்ந்த மூன்று வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

கூட்டம் கலைந்தபின் சோலிங்கர் தயங்கித் தயங்கி வந்தார். வாசல் மேசையில் கையெழுத்துப் போட்டு மீட்ட நாலாவது கோலை அவளிடம் நீட்டி, ஃப்ராவ் எக்லிக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்:

“அடுத்த முறை இதை இறுக்கிப் பிடியுங்கள், சுகந்தி. உங்கள் சா கேட்காததால் பாட்டு எங்கே நிற்கிறது என்றே தெரியாமல், இன்றைக்கு நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை.”