தெப்பக்குளத்தில் ஒரு நீலப் புள்ளி

ஒரு போன், தான் இருக்கும் இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. அப்படிப்பட்ட நான்தான், என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பட்டும் சீர்த்தட்டுமாகச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்தேன். வேண்டுமென்று அல்ல. (வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

ஒரு செயலியைப் போட்டால் போதும், சென்னையில் உட்கார்ந்துகொண்டே டெல்லியில் இருப்பதாக ஒரு போனைச் சொல்ல வைக்கலாம். ஆனால் அது எந்த டவரோடு பேசுகிறது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். இரண்டையும் ஒத்துப்பார்த்துக் கள்ளத்தைப் பிடிப்பது எங்கள் குழு. சோதனைக்கென்று என் பழைய போனை நான் பொய்யனாக்கி வைத்திருந்தேன். பொய் இடமாக, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தையே வரைபடத்தில் விரலால் தொட்டு வைத்தேன். சென்னை டவர் உடனே காட்டிக் கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டலில் மிதந்த நான், செயலியை அணைக்க மறந்துபோனேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் என் புதுப் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. சிம்மை எடுத்துப் பழைய போனில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். மாப்பிள்ளை இளங்கோ மறுநாள் துபாய் திரும்ப வேண்டும் என்பதால், நாலரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். கும்பகோணத்திலிருந்து கிளம்பிய வேன் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, நாலு மணிக்குத்தான் எங்கள் பக்கம் வந்தது. வழி கேட்டு அவர்கள் அழைத்ததும் அப்பா என் போனை வாங்கி, "ரைஸ் மில்லத் தாண்டி, பாலத்துக்கு முன்னாடியே..." என்று வழி சொல்ல ஆரம்பித்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"விடுங்கப்பா. லொகேஷன் அனுப்பியாச்சு. ஊர் உலகத்துக்கே லொகேஷன் சரி பாக்குறவ நான்."

சற்று நேரத்தில் இளங்கோ அழைத்தார். "வந்துட்டோங்க. ஆனா வீடு எதையும் காணுமே. ஒரு கொட்டகைதான் இருக்கு."

"அது எங்க பந்தல்தாங்க."

"தரையெல்லாம் நெல்லு காயுது."

"அறுப்பு நேரம்ங்க. சிமெண்டுத் தரையைப் பாத்தா விடமாட்டாங்க. ஓரமா மிதிச்சு உள்ள வாங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எல்லாரும்னா... யாருங்க?"

அவருக்குப் பின்னால், நெல் கிண்டிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் குரல் எனக்குத் தெளிவாகவே கேட்டது. "யாருங்க தவறிட்டாங்க? பாடி பின்னால வருதா?"

சோதனையன்று வரைபடத்தில் என் விரல் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் படுவதற்குப் பதில் அந்தப் பக்கம், சுடுகாட்டின் மேல் பட்டிருந்தது. வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் ஒரே டவர் என்பதால், நாங்கள் கட்டிய அருமையான பாதுகாப்பு வாயைத் திறக்கவில்லை. டெல்லி அளவுக்குப் பொய் சொன்னால்தான் அது விழிக்கும்.

அப்பா பைக்கில் பறந்து போய் வேனைக் கூட்டி வந்தார். போனில் இருந்த செயலியைப் பற்றி எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன்; என்னை மன்னித்துவிடுவார்கள் என்றே தோன்றியது. அப்போதுதான் அப்பாவின் அக்கா ராஜாமணி அத்தை வாசலை மறித்து நின்றார்.

"சுடுகாட்டுக்குப் போனவங்க தலைக்குக் குளிக்காம வீட்டுக்குள்ள வரக்கூடாது."

ஒரு வேன் நிறையப் பட்டுப்புடவைகள். மணி நாலே கால். இளங்கோ என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. நல்ல நேரம் தவறினால் அவர் அடுத்த விடுமுறைக்கு வரும்வரை எல்லாம் தள்ளிப்போகும். அதற்குள் யார் மனம் எப்படி மாறுமோ!

இளங்கோவின் அம்மா கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்துபவர். வாடிக்கையாளரை எடைபோடுவதுபோல அத்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இங்க வாம்மா. அந்த போனு, போகாத எடத்துக்கெல்லாம் போனதாக் காட்டும், அப்படித்தானே?"

"ஆமாங்க," என்றேன். தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

"மன்னார்குடி தெப்பக்குளத்துல எறக்கு."

"என்னதுங்க?"

"போனு சொன்ன பொய்யை நம்பித்தானே நாங்க சுடுகாட்டுக்குப் போனோம்? இப்ப அதே போனு நாங்க குளத்துல இருக்கோம்னு சொல்லட்டும். முழுக்குப் போட்ட கணக்கு. என்ன சம்பந்தி, சரிதானே?" என்று அத்தையிடம் கேட்டார்.

நான் வரைபடத்தில் குளத்தைத் தொட்டேன். (எதைத் தடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேனோ அதையே பட்டுப்புடவையில், சாட்சிகள் முன்னிலையில் செய்துகொண்டிருந்தேன்.) நீலப் புள்ளி தண்ணீரில் போய் உட்கார்ந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். 

"கரையோரமா இருக்கே. தலை நனைஞ்சிருக்காது. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு."

தள்ளினேன். அத்தை வழிவிட்டார். ராகுகாலம் பிறப்பதற்குள் தட்டு மாறியது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பினால், முதல் அழைப்பு எனக்குத்தான். மார்கழிக் குளிரில் ராஜாமணி அத்தையே கூப்பிட்டு, "சளி புடிச்சிருக்கு, என்னைக் கொஞ்சம் குளத்துல போடேன்" என்கிறார். மாமியாருக்கு மகாமகக் குளம்தான் வேண்டும்.

சமீபத்தில் அலுவலகத்தில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள்: ஒரே டவருக்குள் சொல்லப்படும் குட்டிப் பொய்களையும் பிடிக்க வேண்டும். பெருமையாக மாமியாரிடம் சொன்னேன். அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல வேலைதாம்மா. ஆனா அவசரப்படாத. இந்தக் குளிரு போயி, தை பொறக்கட்டும்."